ஃபார்மட் போடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதிலிருந்து பழைய கணினிகளையெல்லாம் தூக்கிப்போட வேண்டும் என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. வீட்டுக் கணினிக்கு அது பொருந்தலாம். அச்சகம், டிடிபி நிலையம், பரிசோதனைக்கூடம், எடைமேடை, லேத் பட்டறை போன்ற இடங்களில் நிலைமை வேறு. அங்கே இன்னும் விண்டோஸின் பழைய பதிப்புகளான எக்ஸ்பியும் விண்டோஸ் 7-உம் ஓடுகின்றன. சிறிய அலுவலகங்களின் மூலையில் விண்டோஸ் செர்வர் 2003, செர்வர் 2008, சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் போட்ட செர்வர்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள மென்பொருளைச் செய்துகொடுத்தவர் தொழிலையே விட்டிருப்பார். சிடி கிடைக்காது, சீரியல் எண் எழுதிய தாள் கிடைக்காது. அப்படிப்பட்ட கணினி ஒருநாள் கிளம்பாமல் நின்றால், சரிசெய்ய வருபவர் சொல்லும் முதல் வார்த்தை "ஃபார்மட் போட்டுடலாம்" என்பதே. டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவச் சொல்லும் அந்த வார்த்தைக்கு எதிராகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். பழைய கணினிகள் நிற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். திரையில் வரும் செய்தியைப் படித்துச் சரியான வரிசையில் பார்த்தால், ஃபார்மட் தேவைப்படுகிற இடங்கள் மிகக் குறைவு.

முதலில் பார்க்க வேண்டியது மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி. அதன் எண் சிஆர்2032, புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். மல்டிமீட்டரில் 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிட வேண்டும். விலை சொற்பம், ஆனால் அது தீர்ந்தால் வரும் தொல்லைகள் பேட்டரியைச் சுட்டிக்காட்டுவதில்லை. கடிகாரம் பல வருடம் பின்னால் போகும். உடனே இணையதளங்கள் எல்லாம் "சான்றிதழ் செல்லாது" என்று மறுக்கும், ஏனென்றால் அந்தத் தேதியில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. டொமைனில், அதாவது ஒரு செர்வர் லாகின்களை நிர்வகிக்கும் அலுவலக நெட்வொர்க்கில், சேர்ந்த கணினியாக இருந்தால் செர்வருக்கும் அதற்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தவுடன் கெர்பரோஸ் என்ற சரிபார்ப்பு முறை லாகினை ஏற்காது. பாஸ்வேர்டு தவறு என்று நினைத்து ஆளாளுக்கு மாற்றிக்கொண்டிருப்பார்கள். வலதுபக்கக் கீழ்மூலையில் தேதியைப் பார்த்தாலே போதும்.

பேட்டரி தீரும்போது, கணினியைக் கிளப்பும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். இங்கேதான் பல கணினிகள் அநியாயமாக ஃபார்மட் ஆகின்றன. ஹார்ட் டிஸ்க்கைப் பழைய ஐடிஇ முறையில் படிப்பதா, புதிய ஏஹெச்சிஐ முறையில் படிப்பதா என்பது பயாஸில் ஒரு தேர்வு. எக்ஸ்பியில் ஏஹெச்சிஐ டிரைவர் இயல்பாகக் கிடையாது, ஆகவே நிறுவும்போது ஐடிஇ முறைக்கு மாற்றித்தான் நிறுவியிருப்பார்கள். பேட்டரி தீர்ந்ததும் பல போர்டுகளில் பயாஸ் தானாக ஏஹெச்சிஐ-க்குப் போய்விடும். விண்டோஸ் லோகோ தோன்றும், நீலத்திரை மின்னும், கணினி மறுபடி கிளம்பும், மறுபடி நீலத்திரை. அந்தத் திரையின் எண் 7பி என்று முடிந்தால் பயாஸுக்குள் சென்று டிஸ்க் இணைப்பான சாட்டாவின் முறையைப் பழையபடி ஐடிஇ அல்லது காம்பேட்டபிள் என்று வையுங்கள். கணினி அப்படியே எழுந்து நிற்கும். எண்ணைப் படிக்கவிடாமல் திரை மறைந்தால், கிளம்பும்போது எஃப்8 அழுத்தி, சிஸ்டம் ஃபெயிலியர் வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுத்தால் நீலத்திரை அசையாமல் நிற்கும். விண்டோஸ் 7-ஐ ஏஹெச்சிஐ-க்கு மாற்றியே தீர வேண்டுமானால் முதலில் ஐடிஇ-இல் கிளம்பி, விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் சர்வீசஸ் பகுதியில் எம்எஸ்ஏஹெச்சிஐ என்ற சாவிக்குள் ஸ்டார்ட் மதிப்பை 0 ஆக்கிவிட்டு, அதன்பின் பயாஸை மாற்ற வேண்டும்.

மின்சாரப் பக்கத்தையும் ஆரம்பத்திலேயே முடித்துவிடலாம். மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்-இன் 12 வோல்ட் இணைப்பு 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் இணைப்பு 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். கணினி ஓடும்போது அளக்க வேண்டும், சும்மா இருக்கும்போது அளந்து பயனில்லை. பிராசஸரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, பழுப்பாகக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2000-களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் இந்தக் கோளாறு பரவலாக இருந்தது. அது இருந்தால் எந்த மென்பொருள் சிகிச்சையும் நிலைக்காது. ரேமைக் கழற்றி அதன் தங்கநிறக் கால்களை ரப்பரால் துடைத்து மாட்டுவது நம்மூர்க் கடைகளில் எல்லாரும் செய்வதுதான், பலன் தரும். அதோடு மெம்டெஸ்ட்86+ நிரலை ஓர் இரவு ஓடவிட்டால் ரேம் குற்றவாளியா இல்லையா என்பது தெரிந்துவிடும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். இதில் வரிசை தவறினால் மீள வழியில்லை, ஆகவே விரிவாகச் சொல்கிறோம். டிஸ்க் திணறுகிறது என்று தோன்றியவுடன் செக்டிஸ்க் ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கில் அதைச் செய்யவே கூடாது. செக்டிஸ்க் ஃபைல் அமைப்பைச் சீராக்குவதற்காக எழுதப்பட்டது, உங்கள் கோப்புகளைக் காப்பாற்ற எழுதப்பட்டதல்ல. படிக்க முடியாத இடத்தில் இருக்கும் கோப்பின் தொடர்பை அது துண்டித்துவிடும். மணிக்கணக்கில் டிஸ்க்கை உழைக்கவைத்து அதன் மிச்ச ஆயுளையும் தின்றுவிடும்.

முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற நிரலிலோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையிலோ டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பாருங்கள். நான்கு வரிகள் போதும். 05 என்பது டிஸ்க் ஒதுக்கிவைத்துவிட்ட கெட்ட செக்டர்களின், அதாவது சிறு சேமிப்புப் பகுதிகளின், எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 மீட்கவே முடியாதவை. இந்த மூன்றில் எதிலாவது எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. நான்காவது வரியான சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் குற்றமில்லை. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் சிதைகிறது, சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். அந்த எண் பிறகு குறையாது, ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று பொருள். கேபிளை மாற்றாமல் நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

டிஸ்க் போகிறது என்று தெரிந்தால் உடனே கணினியை அணைத்துவிட்டு, நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் பென்டிரைவில் கிளப்பி, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலைக் கொண்டு முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். புதிய டிஸ்க் பழையதன் அளவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும். மேப் கோப்பு என்ற கணக்குப் புத்தகத்தை இந்த இரண்டு டிஸ்க்கிலும் வைக்காமல் மூன்றாவது ஒரு பென்டிரைவில் வையுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அந்த மேப் கோப்பால்தான். முதல் சுற்றில் "என்" குறியைச் சேர்த்தால் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளைக் கிளறாமல் விட்டுவிடும். இரண்டாவது சுற்றில் "டி" குறியும் "ஆர்3" குறியும் கொடுத்தால் மிச்சமுள்ள இடங்களை நேரடியாக, மூன்று முறை முயன்று படிக்கும். எது மூல டிஸ்க், எது நகல் டிஸ்க் என்பதை அளவையும் சீரியல் எண்ணையும் வைத்து இருமுறை சரிபாருங்கள். திசை மாறினால் வெற்று டிஸ்க்கின் நகல் உங்கள் தகவலின் மேல் எழுதப்பட்டுவிடும். செக்டிஸ்க் ஓட்ட வேண்டுமென்றால் இந்த நகலில் ஓட்டுங்கள். அங்கே தவறினாலும் மறுபடி நகலெடுக்கலாம்.

நகல் கையில் வந்தபின் கிளம்பாத விண்டோஸை அச்சமில்லாமல் தொடலாம். எக்ஸ்பியில் "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்று வந்தால் முதலில் செருகியிருக்கும் பென்டிரைவையும் சிடியையும் எடுத்துவிட்டு, பயாஸில் எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்பச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். "ஹால்.டிஎல்எல்" கோப்பைக் காணோம் என்று வந்தால் பெரும்பாலும் அந்தக் கோப்பு அதன் இடத்திலேயே இருக்கும். பூட்.ஐஎன்ஐ கோப்பில் எழுதியுள்ள பார்ட்டிஷன் எண் தவறியிருக்கும். எக்ஸ்பி சிடியிலிருந்து கிளம்பி "ஆர்" அழுத்தினால் வரும் ரெகவரி கன்சோலில் பூட்சிஎஃப்ஜி ரீபில்டு கட்டளை அதைத் திரும்ப எழுதித் தரும். ஃபிக்ஸ்பூட், ஃபிக்ஸ்எம்பிஆர் இரண்டும் அங்கேயே உள்ளன. அதே டிஸ்க்கில் லினக்ஸும் இருந்தால் ஃபிக்ஸ்எம்பிஆர் அதைக் கிளப்பும் கிரப் லோடரை அழித்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எக்ஸ்பியில் அடிக்கடி வரும் இன்னொரு செய்தி, சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள "சிஸ்டம்" கோப்பு இல்லை அல்லது சிதைந்துவிட்டது என்பது. மின்வெட்டில் யுபிஎஸ் இல்லாமல் அணைந்த கணினிகளுக்கு இது சகஜம். கோப்பு என்று சொல்லப்படுவது ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதி, அதற்கு விண்டோஸே நகல் வைத்திருக்கிறது. சிஸ்டம் ரிஸ்டோர் அணைக்கப்படாமல் இருந்திருந்தால், டிரைவின் மூலத்தில் மறைந்துள்ள சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டருக்குள் ஆர்பி என்று தொடங்கும் எண்ணிட்ட ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஸ்னாப்ஷாட் என்ற உள்ஃபோல்டரில் அன்றைய ரெஜிஸ்ட்ரி இருக்கும். லினக்ஸ் லைவில் கிளம்பி, கோளாறு வந்த நாளுக்கு முந்தைய தேதியுள்ள ஆர்பி ஃபோல்டரிலிருந்து "ரெஜிஸ்ட்ரி மெஷின் சிஸ்டம்" என்ற பெயருள்ள கோப்பை எடுத்து, கான்ஃபிக் ஃபோல்டருக்குள் "சிஸ்டம்" என்ற பெயரில் வையுங்கள். கெட்டுப்போன பழைய கோப்பை அழிக்காமல் பெயர் மட்டும் மாற்றி ஓரமாக வைக்க வேண்டும். சிதைந்ததாகச் செய்தி சொல்லும் கோப்பை மட்டும் மாற்றுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ரிப்பேர் என்ற ஃபோல்டரிலும் ஒரு நகல் உண்டு. ஆனால் அது எக்ஸ்பியை நிறுவிய முதல் நாளின் நிலை, பின்னால் போட்ட எந்த மென்பொருளையும் அறியாது. எக்ஸ்பியோடு சேர்த்தே விற்கப்பட்ட பிராண்டட் கணினிகளில் ரிப்பேர் ஃபோல்டரை நம்பி அத்தனையையும் மாற்றினால் நீங்கள் அறியாத பயனர் கணக்கும் பாஸ்வேர்டும் முளைத்து உள்ளேயே போக முடியாமல் ஆகலாம்.

விண்டோஸ் 7-இல் இதே நகல் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ரெக்பேக் என்ற பெயரில் இருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை தானாக எடுக்கப்படும். கோப்புகளின் அளவு 0 ஆக இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துப் பொருத்துங்கள். "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றால் விண்டோஸ் 7 டிவிடியில் கிளம்பி ரிப்பேர் வழியாகக் கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போய் பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர், ஃபிக்ஸ்பூட், ரீபில்டுபிசிடி என்று மூன்று குறிகளோடு வரிசையாக ஓட்டுங்கள். அதிலும் தீராவிட்டால் 100 எம்பி அளவுள்ள சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷன் ஆக்டிவ் ஆக இருக்கிறதா என்று டிஸ்க்பார்ட்டில் பார்த்து, பிசிடிபூட் கட்டளையைக் கொடுங்கள். அங்கே சி என்று தெரிவது உங்கள் சி டிரைவாக இராது, பல சமயம் டி ஆகியிருக்கும். முதலில் டிஐஆர் அடித்து விண்டோஸ் ஃபோல்டர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று உறுதிசெய்த பின்பே கட்டளை.

கணினி கிளம்புகிறது, ஆனால் ஊர்கிறது என்ற புகாருக்கு எக்ஸ்பியில் தனிக் காரணம் ஒன்று உண்டு. பழைய ஐடிஇ கேபிளில் ஆறு முறை பிழை சேர்ந்தால் எக்ஸ்பி அந்த டிஸ்க்கின் வேகத்தை ஒரு படி இறக்கும். பிழைகள் தொடர்ந்தால் கடைசியில் பிஐஓ முறைக்குத் தள்ளிவிடும். அதன்பின் ஒவ்வொரு பைட்டையும் பிராசஸரே சுமக்க வேண்டும், மவுஸ்கூடத் தயங்கித் தயங்கி நகரும். வைரஸ் என்று நினைத்துத்தான் இதற்கும் ஃபார்மட் போடுகிறார்கள். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலின் அட்வான்ஸ்டு பக்கத்தில் தற்போதைய முறை என்ன என்று எழுதியிருக்கும். பிஐஓ என்று இருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், எக்ஸ்பி மறுபடி கண்டுபிடித்து முழுவேகத்துக்குக் கொண்டுவரும். கூடவே 80 கம்பி கொண்ட புதிய கேபிளையும் மாட்டுங்கள், இல்லையேல் ஆறு பிழை சேர்ந்தவுடன் பழைய நிலைதான்.

தமிழ் டிடிபி செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்த மலர்கள், பாடநூல்கள், கோயில் தலவரலாறுகள், குடும்ப மலர்கள் எத்தனையோ ஆயிரம் இன்னும் பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. எல்லா மொழிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழைப் பேஜ்மேக்கர் அறியாது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டேப், டேம் குறியீடுகளோ, திஸ்கியோ, பாமினியோ, ஏதோ ஒரு நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்ட குறியீடோதான் அந்தக் கோப்புகளில் இருக்கும். கோப்புக்குள் உள்ளவை வெறும் எண்கள். எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பது எழுத்துருவுக்கு மட்டுமே தெரியும். அரசு 2010-இல் யூனிகோடுக்கும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டுக்கும் மாறியதால் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. ஃபார்மட் போடும்போது மை டாக்குமெண்ட்ஸை மட்டும் நகலெடுத்துவிட்டு விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை விட்டுவிட்டால், கோப்புகள் இருந்தும் படிக்க முடியாமல் போகும். ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும், தட்டச்சு செய்யும் கீபோர்டு நிரலின் ஃபோல்டரையும், முடிந்தால் ஒவ்வொரு கோப்பின் பிடிஎஃப்-ஐயும் சேர்த்து எடுத்துவையுங்கள். எந்த எழுத்துரு எந்தக் குறியீடு என்று ஒரு தாளில் எழுதி வைப்பது, பின்னால் யூனிகோடுக்கு மாற்றுபவருக்குப் பேருதவி.

எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் கொம்பும் காலும் பிரிந்து, புள்ளிகள் தனித்தனி வட்டங்களோடு தெரிந்தால், கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்டு லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, லாங்வேஜஸ் பக்கத்தில் காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட் கோப்புகளை நிறுவும் கட்டத்தைத் தேர்வுசெய்ய வேண்டும். எக்ஸ்பி சிடியின் ஐ386 ஃபோல்டரைக் கேட்கும். சிடி வழக்கொழிந்துவரும் காலத்தில் அந்த ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்கிலேயே போட்டுவைப்பது நல்லது.

இனி இணையம். "கணினி பழசு, அதனால் நெட் வரவில்லை" என்பது பாதி உண்மை. விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 115-இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பான ஈஎஸ்ஆர் வரிசைதான் அதற்குக் கடைசி. எக்ஸ்பிக்குக் குரோம் 49, ஃபயர்ஃபாக்ஸ் 52 ஈஎஸ்ஆர். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச அமைப்பின் சான்றிதழ் போட்ட தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் காரணம் வேறு. அவை சாய்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்ற புதிய மூலச் சான்றிதழைக் கணினியின் டிரஸ்டட் ரூட் பட்டியலில் சேர்த்தால் திறக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருப்பதால், அதில் திறந்து மற்றவற்றில் திறக்காவிட்டால் குற்றம் விண்டோஸின் பட்டியலில் என்று அங்கேயே முடிவுசெய்துவிடலாம்.

விண்டோஸ் 7-இல் பழைய அவுட்லுக் மெயில் அனுப்ப மறுப்பதற்குப் பெரும்பாலும் டிஎல்எஸ் 1.2 என்ற இணையக் குறியாக்க முறை காரணம். அந்த வசதி விண்டோஸ் 7-இல் உண்டு, ஆனால் பல நிரல்களுக்கு இயல்பாகத் திறந்துவிடப்படவில்லை. கேபி3140245 அப்டேட்டைப் போட்டு, ரெஜிஸ்ட்ரியில் இன்டர்நெட் செட்டிங்ஸின் கீழ் வின்எச்டிடிபி சாவியில் டீஃபால்ட் செக்யூர் புரோட்டோகால்ஸ் என்ற மதிப்பைப் பதினாறடிமான எண்ணாக ஏ00 என்று வைக்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் வாவ்6432நோடு பகுதியிலும் அதே மதிப்பு வேண்டும், பலர் இதை விட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். எஸ்சேனல் சாவிக்குள் டிஎல்எஸ் 1.2, அதற்குள் கிளையண்ட் என்று உருவாக்கி, டிசேபிள்டு பை டீஃபால்ட் 0, எனேபிள்டு 1 என்று வைத்து ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது. புதிதாக நிறுவிய விண்டோஸ் 7 அப்டேட் எடுக்காமல் 80072இஎஃப்இ என்று நின்றால், சர்வீஸ் பேக் 1 போட்டபின் கேபி4490628, அதன்பின் கேபி4474419 ஆகிய இரண்டையும் கையால் நிறுவுங்கள். ஷா-1 என்ற பழைய டிஜிட்டல் கையொப்பத்தை நம்பிய அப்டேட் சேவையை மைக்ரோசாப்ட் 2020-இல் மூடிவிட்டது. இந்த இரண்டும் ஷா-2 கையொப்பத்தைப் படிக்கக் கற்றுத்தருபவை.

இவ்வளவு சொன்னாலும், ஆதரவு முடிந்த கணினியில் வங்கி வேலையும் மெயிலும் செய்யாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. 2017 மே 12 அன்று பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை நிரல், எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் ஷேரிங் முறையின் ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அதற்கான மருந்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். எக்ஸ்பிக்கும் கேபி4012598 என்று விதிவிலக்காக ஒன்று வந்தது. உங்கள் எக்ஸ்பியில் அது இல்லாவிட்டால் இன்றே போடுங்கள்.

2017-க்குப் பிந்தைய விண்டோஸ் 10 எஸ்எம்பி 1-ஐ இயல்பாக நிறுவுவதில்லை, எக்ஸ்பிக்கோ அதைத் தவிர வேறு தெரியாது. புது கணினி வாங்கியதும் எக்ஸ்பியின் ஷேர் ஃபோல்டர் தெரியாமல் போவது இதனால்தான். புதுக் கணினியில் எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிடுவது எளிது, தவறும் அதுவே. நடுவில் ஒரு சிறிய லினக்ஸ் பெட்டியில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு, எக்ஸ்பி பக்கம் மட்டும் கேட்கும்படி சாம்பா என்ற ஃபைல் ஷேரிங் நிரலை அமைத்துக்கொள்ளுங்கள். 4.11-இலிருந்து சாம்பாவும் பழைய முறையை இயல்பாக மறுப்பதால் செர்வர் மின் புரோட்டோகால் என்ற வரியை என்டி1 என்று வைக்க வேண்டும். எக்ஸ்பிக்கு இணையமும் கிடைக்காது, கோப்புகளும் போய்வரும்.

செர்வர்களுக்கு வருவோம். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு 5 போட்ட செர்வரில் ஒரு டிஸ்க் போனாலும் வேலை நடப்பதால் ஆரஞ்சு விளக்கை யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவதும் போகும்போது எல்லாம் போகும். ஒரு டிஸ்க் போனதைக் கண்டால் புது டிஸ்க்கைச் செருகுவதற்கு முன் பேக்கப் எடுங்கள். புது டிஸ்க்கில் தகவலை மறுபடி உருவாக்கும் ரீபில்டு என்பது மிச்சமுள்ள வயதான டிஸ்க்குகளை ஓரம் முதல் ஓரம் வரை படிக்கவைக்கும் கடும் வேலை, அந்த நேரத்தில்தான் அடுத்த டிஸ்க் விழும். செர்வரைத் தூக்கி வேறிடத்தில் வைத்தபின் "ஃபாரின் கான்ஃபிகரேஷன்" என்று ரெய்டு கார்டு கேட்டால் இம்போர்ட் கொடுக்க வேண்டும். கிளியர் என்பதையோ இனிஷியலைஸ் என்பதையோ தொடாதீர்கள். செர்வர் திடீரென எழுதும் வேலையில் மட்டும் மந்தமானால் ரெய்டு கார்டின் பேட்டரியைப் பாருங்கள். அது பலவீனமானால் கார்டு பாதுகாப்புக்காக, இடைநினைவகத்தில் தேக்காமல் நேராக டிஸ்க்கில் எழுதும் ரைட்-த்ரூ முறைக்கு மாறிக்கொள்ளும்.

செர்வர் 2008 ஆர்2-இல் சி டிரைவ் காரணமில்லாமல் நிரம்பினால் விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரில் கேப் என்று தொடங்கும் கோப்புகள் குவிந்திருக்கிறதா பாருங்கள். லாக்ஸ் ஃபோல்டருக்குள் சிபிஎஸ் பகுதியில் ஒரு லாக் 2 ஜிபியைத் தாண்டிவிட்டால் அதைச் சுருக்க முடியாமல் விண்டோஸ் மீண்டும் மீண்டும் முயன்று, ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு கழிவுக் கோப்பை விட்டுச்செல்லும். விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் சர்வீஸை நிறுத்தி, அந்தப் பெரிய லாகையும் கேப் கோப்புகளையும் நீக்கினால் இடம் திரும்பும். வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் மட்டும் கைவைத்து அழிக்காதீர்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் அணைக்காமல் ஓடும் செர்வர் 2008, விண்டோஸ் 7 கணினிகளுக்கு விசித்திரமான நோய் ஒன்று உண்டு. கிளம்பி 497 நாள் ஆனதும் முடிந்துபோன டிசிபி (நெட்வொர்க்) இணைப்புகள் டைம்-வெயிட் என்ற காத்திருப்பு நிலையிலிருந்து விடுபடாது. போர்ட்டுகள் தீர்ந்து, புது இணைப்பு எதுவும் ஏற்படாது. நூறில் ஒரு நொடியாக எண்ணும் 32 பிட் கணக்கு நிரம்பும் காலம் அது. நெட்ஸ்டாட் போட்டால் டைம்-வெயிட் வரிசை நீண்டு ஓடும். ரீஸ்டார்ட் தற்காலிக மருந்து, கேபி2553549 நிரந்தர மருந்து.

பழைய இமேஜிலிருந்து, அதாவது முழு டிஸ்க்கின் நகலிலிருந்து, மீட்ட கணினி "டிரஸ்ட் ரிலேஷன்ஷிப்" முறிந்தது என்று டொமைனில் சேர மறுத்தால் பதறத் தேவையில்லை. கணினிக்கும் செர்வருக்கும் இடையே 30 நாளுக்கு ஒருமுறை மாறும் ரகசியச் சொல் ஒன்று உண்டு, இமேஜில் பழைய சொல் இருக்கிறது. நெட்வொர்க் கேபிளைக் கழற்றினால் ஏற்கெனவே லாகின் செய்த கணக்கால் உள்ளே போக முடியும். பிறகு கேபிளை மாட்டி, பவர்ஷெல்லில் டெஸ்ட் கம்ப்யூட்டர் செக்யூர் சேனல் கட்டளையை ரிப்பேர் குறியோடு அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் போதும். டொமைனை விட்டு வெளியேற்றிச் சேர்க்க வேண்டியதில்லை.

லினக்ஸ் செர்வரில் "இடமில்லை" என்று வந்து டிஎஃப் கட்டளை இடமிருப்பதாகக் காட்டினால் டிஎஃப்-உடன் "ஐ" குறி சேர்த்துப் பாருங்கள், கோப்புக்கு ஒன்றாக ஒதுக்கப்படும் ஐநோடு தீர்ந்திருக்கும். லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகளை யாரோ குவித்திருப்பார்கள். மாறாக, பெரிய லாகை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால் அதைத் திறந்துவைத்த நிரல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் அதைக் காட்டிக்கொடுக்கும், அந்தச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்து பேக்கேஜ்களைத் தரும் மிரர் தளங்களின் பட்டியல் நின்றதால், அவற்றை நிறுவும் யம் கட்டளை "செல்லுபடியாகும் பேஸ் யூஆர்எல் இல்லை" என்று சொல்லும். யம் ரெப்போஸ் ஃபோல்டரில் மிரர்லிஸ்ட் வரியை முடக்கி, பேஸ் யூஆர்எல்-ஐ வால்ட் சென்ட்ஓஎஸ் தளத்தின் 7.9.2009 முகவரிக்கு மாற்றினால் பழைய பேக்கேஜ்கள் கிடைக்கும். அதில் புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது, வேறு லினக்ஸுக்கு மாறும்வரை தள்ளுவதற்கு மட்டுமே.

மேற்சொன்னவற்றில் எதைச் செய்து கணினியை எழுப்பினாலும், ஓடுகிற நல்ல நாளிலேயே அதை இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் விர்ச்சுவல் மெஷினாக மாற்றிவைக்க முயலுங்கள். மைக்ரோசாப்டின் டிஸ்க்2விஹெச்டி இலவசம், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையே ஒரே கோப்பாக நகலெடுக்கும். அதை விர்ச்சுவல்பாக்ஸில் திறக்கும்போது டிஸ்க் கட்டுப்பாட்டை ஐடிஇ என்று வையுங்கள், இல்லாவிட்டால் முன்பு சொன்ன 7பி நீலத்திரை அங்கேயும் வரும். வன்பொருள் மாறியதால் எக்ஸ்பி ஆக்டிவேஷனைத் திரும்பக் கேட்கும், வால்யூம் லைசென்ஸ் பிரதியாக இருந்தால் கேட்காது. உரிமத்தைக் காட்டும் யுஎஸ்பி டாங்கிள் தேவைப்படும் மென்பொருள் என்றால் டாங்கிளை விர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்கிக் கொடுக்கலாம். பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் பழைய எல்பிடி டாங்கிள்தான் சிக்கல். கடையில் கிடைக்கும் யுஎஸ்பி-எல்பிடி கேபிள் பிரிண்டருக்காகச் செய்யப்பட்டது, டாங்கிள் தேடும் போர்ட் முகவரி அதில் இல்லை. அப்படிப்பட்ட மென்பொருளுக்கு உண்மையான எல்பிடி போர்ட் உள்ள இன்னொரு பழைய போர்டை இப்போதே வாங்கி, டிஸ்க்கின் நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய கணினிகளையும் செர்வர்களையும் பராமரிக்கும் தொழில்நுட்பர்கள்,
திருச்சி.